அபுதாபி நரியைச் சாட்சிக்கு அழைத்த கதை

அபுதாபிக்கு நான் போனது ஐந்து நிமிடம் கத்துவதற்காக. அங்கே ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பலகுரல் நிகழ்ச்சி. ராமநாதபுரத்தில் பகலில் நான் ஒரு பள்ளிக்கூட எழுத்தர். விடுமுறை நாட்களில் கல்யாண மேடைகளில் யானை, மயில், நரி, டவுன் பஸ், ஹெட்மாஸ்டரின் இருமல். விழாவில் இரண்டு சிறப்பு விருந்தினர்களின் உரைகளுக்கு நடுவே என்னை மேடையேற்றினார்கள். யானை பிளிறி முடிப்பதற்குள் இரண்டாம் விருந்தினருக்கு வேறொரு விழாவுக்கு நேரமாகிவிட்டது. மயிலையும் பஸ்ஸையும் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஊருக்குத் திரும்பும் விமானம் வெள்ளிக்கிழமை. அதுவரை முசஃபாவில் ஜமாலோடு தங்கினேன். ஜமால் என் தங்கையின் கணவர். கீழக்கரைக்காரர், அங்கே டயரும் உதிரிபாகங்களும் விற்கிறார். கடைக்கு மேலே அறை. அறையில் ஆறு பேர், மூன்று அடுக்குக் கட்டில்கள். இரவு முழுக்கக் கீழே வெல்டிங் சத்தம் வரும். அதையும் குரலில் பிடித்துப் பார்த்தேன், வரவில்லை.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் ஒன்றைக் கவனித்தேன். வாடிக்கையாளர்கள் காரை விட்டு இறங்குவதே இல்லை. வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்கள், பையன் டீயோடு ஓடுகிறான். எங்கள் ஊரில் டீக்கடை முன்னால் ஹாரன் அடித்தால் கடைக்காரர் கரண்டியோடு சண்டைக்கு வருவார். நாங்கள் உள்ளே உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஜமால் மெதுவாக ஆரம்பித்தார்.

"மச்சான், கோவிக்கக் கூடாது. அர்பாப்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

அர்பாப் என்றால் முதலாளி. ஜமாலின் கஃபீல், அதாவது அவருக்கு அங்கே பொறுப்பு நிற்கும் உள்ளூர்க்காரர். கடை லைசென்ஸ் அவருடைய தயவில்தான் ஓடுகிறது.

"என்ன வார்த்தை?"

"நரியக் கூப்பிட்டுக் காட்டுவீங்கன்னு."

நான் நரியை நேரில் பார்த்ததே இல்லை. மேடையில் நான் இடும் ஊளை, எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இட்ட ஊளை. அவர் யாரிடம் கேட்டாரோ தெரியாது. இதுவரை எந்த நரியும் அதைப் பற்றிக் கருத்துச் சொன்னதில்லை. இதையெல்லாம் விளக்கியபோது ஜமால் கையமர்த்தினார். "ஒரு ஆளோட பேரு போகுது மச்சான். நம்ம பக்கத்து ஆளு."

விஷயம் இதுதான். அல் ஐன் போகும் சாலையில் உள்ளே தள்ளி அர்பாப்புக்கு ஒரு பண்ணை. அங்கே அவர் வெளிநாட்டுக் கோழி வளர்க்கிறார். ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி உயரம், கால் விரல் வரை இறகு. பேன்ட் போட்ட கோழிகள் என்று ஜமால் சொன்னார். அவற்றில் ஏழு காணாமல் போய்விட்டன. கோழிகளைப் பார்த்துக்கொள்பவர் முதுகுளத்தூர் பக்கத்துச் சண்முகவேல். அவர்தான் அறுத்துத் தின்றுவிட்டார் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை விசா கேன்சல். நரிதான் தூக்குகிறது என்கிறார் சண்முகவேல். அங்கே நரியே கிடையாது என்கிறார் மேனேஜர். நரியை வரவழைத்துக் கண்ணில் காட்டினால் நம்புகிறேன் என்று அர்பாப் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், சுடுவதோ பிடிப்பதோ கிடையாது. அங்கே அதற்குச் சட்டம் மிகக் கடுமை.

"கேமரா வைக்கலாமே?" என்றேன்.

"வாசல்ல இருக்கு, கார் ஷெட்ல இருக்கு. கோழிக்கு அடுத்த வாரம் வரும், இன்ஷா அல்லா."

அன்று மதியம் ஜமால் கைபேசியில் பாடம் எடுத்தார். அமெரிக்காவில் கோயோட்டி என்று ஓநாயின் தம்பி போல ஒரு பிராணி இருக்கிறதாம். அதைக் கூப்பிட்டு வேட்டையாடப் புதியவர்களுக்குச் சொல்லித்தர நூறு வீடியோக்கள். தொப்பி போட்ட ஒருவர் கிசுகிசுக்கிறார்: காற்று முகத்தில் அடிக்கும்படி உட்கார், அசையாதே, அடிபட்ட முயல் போல அழு, இருபது நிமிடம் பொறு. அமெரிக்க ஓநாய்த் தம்பிக்குப் பொருந்துவது அபுதாபி நரிக்கும் பொருந்தாதா என்றார் ஜமால். பொருந்தும் என்று நம்பி இரண்டு வேட்டைச் சட்டைகளும் வாங்கி வந்திருந்தார். பச்சைப் பசேல் என்று இலை இலையாக அச்சடித்த சட்டைகள். ஒரு புல்கூட இல்லாத மணல்மேட்டில் நாங்கள் இருவரும் நடந்து போவதை எண்ணிப் பார்த்தேன். எந்த நரியும் இரண்டு வாழைத்தோப்புகள் தன் வீட்டுக்கு வருவதாகத்தான் நினைத்திருக்கும்.

அன்றே பண்ணைக்குக் கிளம்பினோம். சாலையை விட்டு இறங்கி இருநூறு அடி போனதும் ஜமாலின் பிக்கப் மணலில் புதைந்தது. மணலில் போகும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமாம். இருபது வருடமாக டயர் விற்பவருக்கு அது தெரியவில்லை. "நான் விக்கிறதோட சரி மச்சான், ஓட்டுறது கஸ்டமர்" என்றார். பண்ணையிலிருந்து ஒல்லியான ஒருவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். ஒரு வார்த்தை பேசாமல் சக்கரத்தைச் சுற்றித் தோண்டி, காற்றைப் பிடுங்கி, வண்டியை வெளியேற்றினார். பிறகுதான் தலைத்துண்டை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, ராம்நாடா?" என்றார். அவர்தான் சண்முகவேல்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் அவராகவே சொன்னார். "ஆறு வருசமா கோழியோடவே கெடக்கேன். கோழிய நெனச்சாலே வாந்தி வருது. நா திங்கிறது பருப்பும் கருவாடும்ண்ணே."

"கால் தடம் இருக்குமே, காட்ட வேண்டியதுதானே?"

"அங்கதான இருக்கு கூத்து. தெனம் ஆறு மணிக்குள்ள மணலப் பூராம் வாரியால இழுத்து கோடு போட்டு வெக்கணும். அர்பாப் வந்தா அழகா இருக்கணும்ல. நரி நடந்த தடத்த நானே அழிச்சிருக்கேன். ஒருநா விட்டுவெச்சேன், மேனேஜர் எந்திரிச்சு வர்றதுக்குள்ள காத்து அழிச்சிருச்சு. கூட்டுக்குப் பின்னாடி தோண்டிருக்கும்; மூட்டைய வெச்சு அடைச்சா, நாந்தான் தோண்டி வெளிய எடுத்தேங்கிறாரு."

போவதைப் பற்றித் தனக்குப் பயமில்லை என்றார். என்றைக்காவது போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்துப் பண்ணையில் அவர் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் விஷயத்தை ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். "கோழி திருடிட்டான்னு போட்டிருக்கான். எம் பொஞ்சாதி தண்ணிக்குப் போற எடத்துல கேக்குறாய்ங்க. போனா நல்ல பேரோட போகணும்ண்ணே." ஐந்து நிமிட யானையை நம்பி ஒரு மனிதர் இருக்கிறார்.

அர்பாப் அறுபது வயது இருக்கும் பெரியவர், சிரித்த முகம். தரையில் மெத்தை விரித்த வரவேற்பறையில் உட்கார வைத்துப் பேரீச்சம்பழமும் சின்னக் கிண்ணத்தில் கசப்புக் காப்பியும் கொடுத்தார். போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டிக் காட்ட வேண்டுமாம். ஜமால் எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். பதினோரு கிண்ணம் குடித்தேன். கிளம்பும்போது அகில் கட்டை புகையும் தூபக்காலை அர்பாப் தானே ஏந்தி வந்தார். விருந்தாளியைப் புகை காட்டி மணக்க மணக்க வழியனுப்புவது அங்கத்திய மரியாதை. சட்டையை விரித்துப் புகையை உள்ளே வாங்கிக்கொண்டோம். இலை அச்சுக்குள் எல்லாம் புகுந்தது. அந்த வாசனைக்கு நான் சொத்தையே எழுதிவைப்பேன்.

மேனேஜரும் வந்தார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று எழுதப்போவதில்லை, எல்லா நாட்டிலும் அவர் இருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்து இந்தியில், "கத்துவதற்கு டிகிரி இருக்கிறதா?" என்றார்.

முதல் மாலை அர்பாப்பின் மெஷினைப் பயன்படுத்தினோம். அமெரிக்காவிலிருந்து யாரோ பரிசாகக் கொடுத்த ஒலிபெருக்கி. ரிமோட்டை அழுத்தினால் முயல் அழும். ஜமால் ஊர் மீலாது விழா மேடை நினைப்பில் ஒலியை முழுசாகத் திருப்பிவிட்டார். அமெரிக்க முயல் போட்ட கூச்சலில் பக்கத்துப் பண்ணை ஒட்டகங்கள் மூலைக்கு ஓடின. பேன்ட் கோழிகள் மூன்று நாள் முட்டையிடாது என்று சண்முகவேல் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு நான் என் மேடை ஊளையை இட்டேன். கை தட்டியது அவர் ஒருவர்தான். நரி வரவில்லை. வராததில் வியப்பில்லை. ஊளை என்றால் 'இது என் இடம், வராதே' என்று பொருளாம். இதைத் தொப்பிக்காரர் நாற்பதாவது வீடியோவில்தான் சொன்னார்.

செவ்வாய் மாலை மெஷினை மூட்டை கட்டிவிட்டு நானே அழுதேன். அர்பாப்பிடம் வழக்கம்போலப் பழம், காப்பி, புகை. பிறகு ஒரு மணல்மேட்டின் சரிவில் நானும் ஜமாலும் உட்கார்ந்தோம். சண்முகவேல் தூரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தார். மென்மையாக, விட்டுவிட்டு, கால் ஒடிந்த முயல் போல விம்மினேன். மேடையில் நான் இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. எனக்கே கொஞ்சம் அழுகை வந்தது. பதினைந்தாவது நிமிடம் எதிர் மேட்டில் இரண்டு பெரிய காதுகள் முளைத்தன.

நான் பார்த்த முதல் நரி. மணல் நிறம், பூனையை விடக் கொஞ்சம் பெரிசு, முகத்தை விடக் காது பெரிசு. அது நேராக வரவில்லை. எங்களை விட்டு விலகி வட்டமடித்தது. ஜமால் உற்சாகத்தில் என் தொடையைக் கிள்ளினார். எங்களுக்குப் பின்பக்கம் அது போவதைத் திரும்பிப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. கைபேசியைத் திருப்பிய ஜமாலுக்குக் கிடைத்தது ஒரு வாலும் கொஞ்சம் புழுதியும்.

அதை மேனேஜரிடம் காட்டியபோது, "இது பூனை" என்றார்.

சண்முகவேல் என்னைத் தனியாக அழைத்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீங்க. அது ஒங்களுக்குப் பின்னால, காத்து போற பக்கமா வந்து மூக்கத் தூக்குச்சு. அம்புட்டுதான், பறந்துருச்சு. நீங்க கல்யாண வீடு கணக்கா மணக்குறீங்கண்ணே."

நெற்றியில் அடித்துக்கொண்டேன். தொப்பிக்காரர் சோப்புக்கூடப் போடாதே என்று சொல்லியிருந்தார். நாங்கள் அரண்மனை அகில் புகையில் ஊறிப்போய்ப் பாலைவனத்தில் ஒளிந்துகொண்டிருந்தோம். அர்பாப் எங்களை உபசரித்து உபசரித்தே நரியை விரட்டியிருக்கிறார்.

புதன் முழுவதும் இதைப் பற்றித்தான் சண்டை. தூபம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். ஜமால் வெளிறிவிட்டார். "கஃபீல் கையால குடுக்குற மரியாதைய வேணான்னு சொல்றதா? அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும் மச்சான். நரி வரும் போகும், லைசென்ஸ் போனா வராது." வீட்டுக்குள் போனால்தானே புகை என்று கடைசியில் ஒரு வழி பிடித்தோம். வியாழன் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அர்பாப்பே நேராகக் கோழிக்கூட்டுக்கு வரட்டும். அவரிடம் ஜமால் இதைக் கேட்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார், அதில் ஐம்பது நிமிடம் குடும்ப நலம். ஆனால் அர்பாப்பின் உடையே மணக்குமே? அதற்கு வழி சொன்னவர் சண்முகவேல். கூட்டுக்கு இந்தப் பக்கம் மதில் இருக்கிறது. காற்று கூட்டிலிருந்து மதிலை நோக்கி வீசும். மதிலில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் பின்னால் சுற்றி வர நரிக்கு வழியே கிடையாது. தொப்பிக்காரரை விட இவர் கெட்டிக்காரர். அந்தத் திறமையோடு கோழி திருடியிருந்தால் ஏழு கோழி காணாமல் போனதே யாருக்கும் தெரிந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

சோப்புப் போடாமல் குளித்து, இலைச் சட்டையை விட்டுவிட்டுச் சண்முகவேலின் பழைய சாம்பல் நிற டூட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கருவாட்டு வாசனை அடித்தது. நரிக்குப் பழகிய வாசனை அதுதான் என்றார் அவர்.

வியாழன். கிழக்கு வெளுத்தது. மதிலோரம் வரிசையாக அர்பாப், மேனேஜர், ஜமால், நான், சண்முகவேல். அர்பாப் சின்னப் பிள்ளையைப் போல் வாயில் விரல் வைத்து எல்லோரையும் அமைதிப்படுத்தினார். மேனேஜரின் கையில் சண்முகவேலின் பாஸ்போர்ட் இருந்த உறை. பத்து மணிக்கு வண்டி வருகிறது. முயல் அழுகை வேண்டாம் என்று முடிவுசெய்திருந்தேன், அந்த நரிக்கு அது கல்யாண வீட்டை நினைவூட்டும். எலியின் கீச்சுக்குரல் போதும். அதற்குப் புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்ச வேண்டும். அதாவது ஐம்பத்திரண்டு வயதில், நான்கு ஆண்கள் பார்க்க, என் கைக்கு நானே முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். உதடு மரத்துவிட்டது. சண்முகவேல் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தார்.

வந்தது. மேட்டிலிருந்து இறங்கி, கோடு போட்ட மணலில் அடி அடியாக வைத்து, இருபது அடி தூரத்தில் நின்று என் கையை உற்றுப் பார்த்தது. எலி எங்கே என்று கேட்பது போலிருந்தது. காற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, இல்லாத எலியை விட இருக்கிற கோழி மேல் என்று முடிவுசெய்து கூட்டின் பின்பக்கம் போய், தன் வீட்டுக் கதவு போல மூட்டையைத் தள்ளிவிட்டு நுழைந்தது. உள்ளே ஒரே அலறல்.

சண்முகவேல் எழுந்துவிட்டார். "ஏய்... எங் கோழி!" என்று பாயப் போனவரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் இவ்வளவும். அவரோ கோழியைக் காப்பாற்றத் துடித்தார். அர்பாப் மூச்சுவிடாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நரி வாயில் கோழியோடு வெளியே வந்தது. பேன்ட் போட்ட கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின. நிதானமாக மேடேறி மறைந்தது.

"மாஷா அல்லா! மாஷா அல்லா!" அர்பாப் என்னைக் கட்டிப்பிடித்தார். ஜமாலைக் கட்டிப்பிடித்தார். ஜமால் மொழிபெயர்த்தார்: "எவ்வளவு அழகு, பாத்தீங்களா! பாவம், குட்டி இருக்கும் அதுக்கு. இனிமே யாரும் அதத் தொந்தரவு பண்ணக் கூடாது. இது அதோட மண்ணு, அது சாப்பிடட்டும்." நரிக்கு மன்னிப்புக் கிடைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விசாரணையும் இல்லை, கேன்சலும் இல்லை.

சண்முகவேல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஜமாலிடம் சத்தமாகவே சொன்னேன், குரூப்பில் போட ஒரு வார்த்தை வேண்டும், தமிழில் வேண்டும், அர்பாப் வாயால் வேண்டும் என்று. ஜமால் லைசென்ஸை நினைத்து விழுங்கினார், ஆனால் சொல்லிவிட்டார். அர்பாப்பின் முகம் மாறியது. சண்முகவேலை அப்போதுதான் பார்த்தார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு என் எதிரில் வந்து நின்று, சொல்லிக்கொடு என்றார். நான் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான குரல் பயிற்சி அதுதான். 'கோழியை எடுத்தது நரி. சண்முகவேல் திருடன் இல்லை.' ஆறு தடவை சொன்னார். கோழி கோலியாகவே வந்தது, எங்கள் மாவட்டத்திலும் பாதிப்பேருக்கு அப்படித்தான். சண்முகவேலின் கைபேசியில் பதிவுசெய்து, நரியின் வீடியோவோடு ஊர் குரூப்பில் போட்டோம். சண்முகவேல் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கோலி வரும்போதெல்லாம் அவர் உதடு லேசாக விரிந்தது. மூன்றாவது நிமிடம் வீட்டிலிருந்து போன் வந்தது. "ம்... ம்... கேட்டியா?" என்று மட்டும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் பாஸ்போர்ட் உறையைச் சட்டைப் பைக்குள் திணித்தார். "அச்சா, அச்சா, கலாஸ். பின்பக்க வலையை இன்றே தைத்துவிடு, ஜல்தி" என்றார், ஏதோ மழை நின்றுவிட்டது போல.

சண்முகவேல் இடுப்பிலிருந்து கூட்டுச் சாவியை எடுத்தார். மேனேஜரிடம் கொடுக்கவில்லை. அர்பாப்பின் முன்னால் போய் இரண்டு கையாலும் நீட்டினார்.

"அர்பாப், அனா கலாஸ். முல்க் ஜாத்தா." போதும், ஊருக்குப் போகிறேன்.

ஜமால் கத்தினார். "ஏம்ப்பா, உனக்கென்ன கிறுக்கா? நாலு நாளா நாங்க நாய் படாத பாடு பட்டது எதுக்கு?"

"இதுக்குத்தாங்க" என்றார் சண்முகவேல். "நேத்து போயிருந்தா அவய்ங்க அனுப்பி போயிருப்பேன். இப்ப நானாப் போறேன்." என் பக்கம் திரும்பி, "அண்ணே, சட்டைய நீங்களே வெச்சுக்கங்க" என்றார். மணலில் போட்ட கோடுகளை மிதித்துக்கொண்டே தன் அறையை நோக்கி நடந்தார்.

அர்பாப்புக்கு நிஜமாகவே வருத்தம். சாவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஜமாலிடம் ஏதோ அவசரமாகச் சொல்லி என்னைக் காட்டினார்.

"மச்சான், உங்களக் கூப்பிடச் சொல்றாரு. நரியையே வரவெச்ச ஆளு, அவரத் திரும்ப வரவெக்க முடியாதான்னு கேக்குறாரு."

சண்முகவேல் இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். என் ஊர்ப் பேச்சு, என் குரல், ஒரு தடவை 'சண்முகம்' என்றால் நின்றிருப்பார். மரியாதைக்காகத் திரும்பி வந்தும் இருப்பார்.

நான் கூப்பிடவில்லை.